ஹெபடைடிஸ் பி உள்ள தாய்: தாய்ப்பாலா, பவுடர் பாலா?

கேள்வி
ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் அளவு மில்லிக்கு 2 லட்சம் ஐயூவுக்கு (வைரஸை அளக்கும் அலகு) மேல் இருந்ததால் கர்ப்பத்தின் 28ஆவது வாரத்திலிருந்து தினமும் டெனோஃபோவிர் (வைரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை) 300 மி.கி. எடுக்கிறேன். பிரசவம் நெருங்குகிறது. மாத்திரை பாலில் இறங்கும், பவுடர் பால்தான் பாதுகாப்பு என்கிறார்கள் வீட்டில். குழந்தைக்கு என்ன ஊசி, எப்போது? பிரசவமானதும் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

மறுமொழி 1
தாய்ப்பாலே கொடுங்கள். பாலில் இறங்கும் டெனோஃபோவிர் மிகச் சொற்பம். அதையும் குழந்தையின் குடல் சரியாக உறிஞ்சாது. தொற்று பெரும்பாலும் பிரசவ நேரத்து ரத்தத்தின் வழியாகத்தான் வருகிறது. எனவே கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது ஊசிக்கு: பிறந்த 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் (வைரஸை எதிர்க்கும் தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி). பிறக்கும்போது தொற்றினால் 10 குழந்தைகளில் 9 பேருக்கு அது நாட்பட்ட நோயாகிவிடும். பெரியவர்களில் 100க்கு 5 பேருக்கும் குறைவுதான். அவசரம் அதனால்தான்.

இம்யூனோகுளோபுலின் ஸ்டாக் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள். நள்ளிரவில் பிரசவமாகி, மருந்தைத் தேடுவதிலேயே நேரம் போய்விடக் கூடாது. அது வரத் தாமதமானாலும் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். மீதி டோஸ்களையும் தவறவிடாதீர்கள். 2 கிலோவுக்குக் குறைந்த குறைமாதக் குழந்தை என்றால் முதல் ஊசி கணக்கில் சேராது. அதன் பிறகு 3 டோஸ் போட வேண்டும்.

மறுமொழி 2
மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய பின் கல்லீரல் அழற்சி சட்டென்று ஏறலாம். குழந்தைக்குத் தொற்றாமலிருக்க மட்டும் தந்ததா, உங்கள் கல்லீரலுக்கே தேவையா என்று பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். நிறுத்தச் சொன்னால் 6 மாதம் வரை எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண் மஞ்சளித்தால் அன்றே போய்க் காட்டுங்கள்.

குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை 9 மாதம் ஆன பிறகு, கடைசி டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து: ஹெச்பிஎஸ்ஏஜி (தொற்று இருக்கிறதா என்று காட்டுவது), ஆன்டி ஹெச்பிஎஸ் (எதிர்ப்பாற்றலின் அளவு). முதலாவது நெகட்டிவாகவும், இரண்டாவது 10 அல்லது அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. அவசரப்பட்டு முன்பே பார்த்தால், இம்யூனோகுளோபுலின் மிச்சம் தடுப்பூசி பலித்தது போலக் காட்டி ஏமாற்றிவிடும்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. பால் போதாமல் பவுடர் சேர்க்க நேர்ந்தால்?

மறுமொழி 3
முதலில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், பிறகு பவுடர். டப்பாவோடு வரும் ஸ்பூனில் அமுக்காமல் அள்ளி, மேலே குவிந்ததைக் கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். சத்தாக இருக்கட்டும் என்று ஒரு ஸ்பூன் கூடப் போட்டால் பால் செறிவாகி மலச்சிக்கலும் நீர்ச்சத்துக் குறைவும் வரும், கலோரியும் கூடும்.

பாட்டிலில் மிச்சம் இருக்கிறதே என்று புகட்டுவதுதான் பெரிய தவறு. வயிறு நிறைந்த குழந்தை சப்புவது மெதுவாகும், முகத்தைத் திருப்பும், இறுக்கிய முஷ்டி தளர்ந்து விரியும். அப்போதே எடுத்துவிடுங்கள். மிச்சப் பாலைக் கொட்டுவதில் தப்பே இல்லை.

6 மாதம் முடிந்ததும் மசித்த பருப்பு, முட்டை, இறைச்சி என்று இரும்புச்சத்துள்ள உணவு. முதலில் நாளுக்கு 2 அல்லது 3 வேளை போதும். ஒரு வயது வரை ஜூஸும் தேனும் கூடாது, சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். கொழுகொழு என்று இருப்பதைக் கண்ணால் எடைபோடாமல், உயரத்துக்கேற்ற எடை என்ற வளர்ச்சி வரைபடத்தில் குறித்து வாருங்கள். குழந்தையின் கோடு வரைபடத்தில் +2 என்று குறித்த கோட்டைத் தாண்டினால் அதிக எடை.

உங்கள் நிலையில் ஒன்றை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: உணவை உங்கள் வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டாதீர்கள். கட்டிக்கொள்வதால், முத்தத்தால், ஒரே ஸ்பூனால் ஹெபடைடிஸ் பி பரவாது.