பைபாஸுக்குப் பிறகு கர்ப்பம்: வைட்டமின் டி ஏறவே மாட்டேங்குது

தோழிகளே, எடை குறைய இரைப்பை பைபாஸ் ஆபரேஷன் பண்ணி 2 வருஷம் ஆச்சு. இப்போ 5-ம் மாசம். ரத்த டெஸ்ட்ல வைட்டமின் டி 14-லயே நிக்குது. தினமும் மாத்திரை போட்டும் 8 வாரத்துல 2 பாயிண்ட் ஏறினதே பெரிசு. வைட்டமின் டி மாதிரி கொழுப்புல கரையற சத்து பைபாஸுக்கு அப்புறம் உடம்புல சரியா சேராதுன்னு டாக்டர் சொன்னார். கால்சியத்தையும் கார்பனேட்லேர்ந்து சிட்ரேட்டுக்கு மாத்திட்டார். அதுக்கு வயித்து அமிலம் அவ்வளவா வேண்டாமாம். அதுக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் 2 மணி நேரம் இடைவெளி வேணும், போன்ல 5 அலாரம் வெச்சிருக்கேன்! ராத்திரியானா கெண்டைக்கால் சுண்டி இழுக்குது, எழுந்து சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன்.

டோஸை டாக்டர் பாத்துக்கறார், அதைக் கேக்கல. இதே நிலைமையில இருந்தவங்களுக்கு எத்தனை வாரத்துல ஏறிச்சு? மாத்திரையை விட்டு வேற வடிவத்துக்கு மாத்தினாங்களா? பாராதைராய்டு ஹார்மோன் (ரத்தத்துல கால்சியம் அளவைப் பாத்துக்கற ஹார்மோன்) டெஸ்டும் எடுத்தாங்களா?