வருஷம் முழுக்கப் புரட்டாசியா என்று வீட்டில் கேட்கிறார்கள்

ராயபுரத்துப் பையன்:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் மீன், வாரத்தின் நடுவில் ஒரு நாள் கோழி. வெள்ளிக்கிழமை, அமாவாசை கிடையாது, புரட்டாசியில் மாசம் முழுக்கக் கிடையாது. அப்படி வளர்ந்தவன்தான் நானும். போன புரட்டாசி முடிந்த மறுநாளே அம்மா கோழி வாங்கிவரச் சொன்னார். ஒரு மாசம் வாயைக் கட்டியிருந்த ஊரே கடை வாசலில் நின்றது, முக்கால் மணி நேரம் ஆனது எனக்கு. நின்றதுதான் தப்பாகிவிட்டது. கழுத்தை அறுத்து அந்த நீல டிரம்முக்குள் போட்டு மூடுவார்கள் இல்லையா, உள்ளே அது அடித்துக்கொள்கிற சத்தம் அடங்குவதற்குள் கடைக்காரர் என்னிடம் "தோல் உரிக்கணுமா, தோலோடவா" என்கிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்தான், அன்றைக்கு என்னவோ வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏழு மாசம் ஆகிறது, கவுச்சி தொடவில்லை. வேண்டுதல், மாலை எதுவும் இல்லை. வீட்டில் அதுதான் சிக்கலே. மாலை போட்டிருக்கிறேன் என்றால் அம்மாவே தனிப் பாத்திரம் எடுத்துவைப்பார், காரணமில்லாமல் வேண்டாம் என்றால் "ஐயர் வீட்டுப் பொண்ணு யாராவதாடா?" என்கிறார். அப்பா அதற்கு மேலே, "துண்டை விட்டுட்டுக் குழம்பை மட்டும் ஊத்திக்கோ, அது சைவம்தான்."

இங்கே சைவமாக இருப்பவர்கள் எதற்காக இருக்கிறீர்கள்? முட்டை, பால், இந்தத் துண்டில்லாத குழம்பு, எது வரைக்கும் சைவம்?

மந்தைவெளி மாமி:

தம்பி, உண்மையைச் சொன்னால் நான் எதற்காகவும் இல்லை. பிறந்த வீட்டில் சமைக்கவில்லை, புகுந்த வீட்டிலும் சமைக்கவில்லை, அவ்வளவுதான். இதில் என் பெருமை ஒன்றும் கிடையாது. சத்தத்தைக் கேட்டு நிறுத்தின நீதான் யோசித்து முடிவு எடுத்திருக்கிறாய்.

சைவம் என்ற வார்த்தையே வேடிக்கை. நாங்கள் நாமம் போட்ட வைஷ்ணவர்கள், ஆனால் ஓட்டலில் போய் "சைவச் சாப்பாடு இருக்கா" என்றுதான் கேட்போம். இங்கே சிவ மதத்தைக் கறாராகப் பிடித்தவர்கள் புலால் சாப்பிடாததால் மதத்தின் பெயரே சாப்பாட்டுக்கு வந்துவிட்டது. காஷ்மீரப் பண்டிதர்களும் சைவ சமயம்தான், அவர்களில் பல வீடுகளில் சிவராத்திரிக்கே ஆட்டுக்கறி சமைப்பார்கள். இலங்கைத் தமிழர்கள் மரக்கறி என்கிறார்கள், எனக்கு அது பிடித்திருக்கிறது, யார் வீட்டு சாமியையும் இழுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என் சொந்தக்காரர்கள் படித்தால் கோபப்படுவார்கள். எங்கள் பக்கம் வாடகை வீடுகளில் "சைவம் மட்டும்" என்று பலகை தொங்குகிறது. அதில் சமையல் வாசனை பற்றிய கவலை எவ்வளவு, ஜாதி விசாரிப்பு எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். உன் அம்மா ஐயர் வீட்டுப் பொண்ணா என்று கேட்டதற்கும் அதுதான் காரணம். நீ சாப்பாட்டை மாற்றினால் ஆளையே மாற்றுகிறாய் என்று பயப்படுகிறார், பாவம்.

எல்லை எங்கே என்றால் வீட்டுக்கு வீடு வேறே. சவுகார்பேட்டையில் எனக்கு ஒரு ஜைனத் தோழி, வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. கிழங்கைப் பிடுங்கினால் செடியும் போச்சு, மண்ணில் இருக்கிற சின்ன உயிர்களும் போச்சு என்பாள், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவாள். அவள் கணக்கில் என் வெங்காய சாம்பாரே தேறாது.

காசிமேட்டுக் காத்து:

மாமி நல்லாச் சொன்னீங்க. நான் எதிர்ப்பக்கம், மூணு தலைமுறையா கடல்லதான் சோறு. இப்போது தடைக்காலம், ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகக் கூடாது. கடலே 61 நாள் விரதம் இருக்கு, நீ தனியா வேற இருக்கணுமா நைனா?

கிண்டல் இருக்கட்டும். என்னவோ தமிழ்நாடே சைவம் என்கிற மாதிரி வெளியூரில் பேசுகிறார்கள். 2014ல் மத்திய அரசு எடுத்த கணக்கில் இங்கே 15 வயது தாண்டியவர்களில் 97 சதவீதத்துக்கு மேல் அசைவம். அந்தக் காலத்திலும் அப்படித்தான், கபிலர் அந்தணர், அவரே சேர ராஜாவிடம் கறிச்சோறு தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாததால் என் கை மெத்தென்று இருக்கிறது என்று பாடியிருக்கிறார், புறநானூறு 14. அப்புறம் ஒரு கேள்வி, பால் குடிக்கிறீர்களே, கறவை மாடு போடுகிற காளைக்கன்று எங்கே போகிறது என்று யாராவது கேட்டீர்களா? வீட்டு வாசலில் ரத்தம் தெரியவில்லை என்பதற்காக அது சைவமாகிவிடுமா?

மருந்துக்கடை அண்ணா:

பால் கேள்வி நியாயம். அதையும் விட்டவர்களைத்தான் வீகன் என்கிறார்கள், 1944ல் இங்கிலாந்தில் உண்டாக்கின வார்த்தை. நம்ம ஊர்ச் சட்டம் பாலையும் தேனையும் சைவத்தில் சேர்க்கிறது, முட்டையைச் சேர்க்கவில்லை. பாக்கெட்டில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். முன்பு இரண்டுமே வட்டம்தான், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் தடுமாறியதால் ஒன்றை முக்கோணமாக்கினார்கள். சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள் இல்லையா, அங்கேயும் அதே பிரிவினைதான். அப்பாவின் குழம்புக்கு எந்த வட்டமும் கிடையாது.

மாட்டிக்கொள்கிற இடங்கள் வேறே. மாத்திரைக் கேப்சூலின் மேல்தோல் பெரும்பாலும் ஜெலட்டின், அது மாட்டின் எலும்பு, தோலிலிருந்து வருவது. சில சீஸில் கன்றுக்குட்டி வயிற்று நொதி இருக்கும். சிவப்பு மிட்டாயில் இ120 என்று போட்டிருந்தால் பூச்சியிலிருந்து எடுத்த சாயம். பயந்து சாக வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும்.

உடம்புக்கு வருவோம். கடைக்கு வருகிற சைவக்காரர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது கால் மதமதப்பு, சோர்வு, கேட்டால் பி12 குறைவு என்று சீட்டு நீட்டுவார்கள். அந்தச் சத்து செடி கொடிகளில் நம்பும் அளவுக்குக் கிடையாது. பால், தயிர் தினமும் நன்றாகச் சேர்த்தால் ஓரளவு கிடைக்கும், அதையும் விட்டால் மாத்திரை கட்டாயம். வருஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். புரதத்துக்கு சாம்பாரில் மிதக்கிற நாலு பருப்பை நம்பாதீர்கள், சுண்டல், பயறு, வேர்க்கடலை, மீல்மேக்கர் என்று தட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். உலர்ந்த மீல்மேக்கரில் பாதி எடை புரதம். கீரை, பருப்பில் இருக்கிற இரும்புச்சத்து கறியில் இருப்பது போல் லேசில் ஏறாது, எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், சாப்பிட்ட கையோடு காபி குடிக்கிற பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். பச்சை வட்டம் போட்ட சிப்ஸும் பரோட்டாவும் சைவம்தான், அதை நம்பி ஆரோக்கியம் என்று சொல்பவர்களிடம் எனக்கு வாதாடத் தெம்பில்லை.

ஓஎம்ஆர் பாச்சுலர்:

நான் திங்கள் முதல் வெள்ளி வரை சைவம். காரணம் சாமியும் இல்லை, கோழியும் இல்லை, வெயில். மனிதனால் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிற வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து என்று ஐ.நா. உணவு அமைப்பு 2013ல் சொன்னது. சனிக்கிழமை பிரியாணி. என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள்.

ஏழுகிணறு:

தம்பி ராயபுரமா, அப்போ பக்கம்தான். ஏழுகிணறு வீராசாமி தெருவில் வள்ளலார் வாழ்ந்த வீடு இருக்கிறது, ஒரு நாள் போய்ப் பாருங்கள். வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடியவர் நம்ம தெருக்களில்தான் வளர்ந்தார், வடலூருக்குப் போனது பிற்பாடு. ஆனால் அங்கே 1867ல் அவர் முதலில் கட்டியது சோறு போடுகிற தருமசாலை, சபை அதற்கப்புறம்தான். அன்றைக்கு ஏற்றிய அடுப்பு இன்னும் அணையவில்லை. ஜாதி பார்க்காமல் யாருக்கும் சோறு. மாமி சொன்ன வாடகைப் பலகைக்கு நேர் எதிர். அதனால் சைவம் என்றாலே ஒரு ஜாதியின் சொத்து என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன்.

காத்து அண்ணே, கபிலரைச் சொன்னீர்கள், சரி. அதே தமிழில் வள்ளுவர் புலால் மறுத்தலுக்குத் தனி அதிகாரமே வைத்தார். தின்பதற்காக உலகம் கொல்லாமல் இருந்தால் விற்பதற்காகக் கறி தருபவர் யாரும் இருக்கமாட்டார் என்கிறார். நான் கொல்லவில்லை, வாங்கினேன், அவ்வளவுதான் என்று சொல்கிறவனைத்தான் பிடிக்கிறார். தம்பி முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று பார்த்ததும் அதுதானே. பால் விஷயத்தில் உங்களிடம் எனக்குப் பதில் இல்லை, நான் காபி குடிக்கிறேன்.

காசிமேட்டுக் காத்து:

ஒத்துக்கொண்டீர்களே, அது போதும். தம்பி, வேணாம்னா வேணாம், யாரும் உன் வாயில் திணிக்கப் போவதில்லை. மீன் விற்கிறவங்களைப் பாவி மாதிரி மட்டும் பார்க்காதே.

ராயபுரத்துப் பையன்:

பார்க்கமாட்டேன் அண்ணே, எங்க பெரியம்மாவே மீன் வியாபாரம்தான்.

எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் டிரம் சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன், இத்தனை நாள் வெட்கமாக இருந்ததால் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "அதுக்குத்தான் நான் கடைக்குப் போறதில்ல, உன்ன அனுப்புறேன்" என்றார். இன்றைக்கு மத்தியானம் வாழைக்காயை மீன் துண்டு மாதிரியே குறுக்கே நறுக்கி, அதே மிளகாய், மஞ்சள், சோம்பு, பூண்டு, புளித்தண்ணி போட்டு ஊறவைத்துத் தோசைக்கல்லில் போட்டுக் கொடுத்தார். தடைக்காலத்தில் வஞ்சிரம் விற்கிற விலைக்கு இதுவே பரவாயில்லை என்று அப்பா நாலு துண்டு எடுத்துவிட்டார்.

பி12க்கு நாளைக்கு ரத்தம் கொடுக்கிறேன்.

மந்தைவெளி மாமி:

வாழைக்காய்க்கு அரிசி மாவு கொஞ்சம் தூவச் சொல்லு, மொறுமொறுப்பு வரும். சோம்பு எவ்வளவு போட்டாங்க என்று கேட்டுச் சொல்லு.