மாடியில் இரண்டாவது ரவுட்டர் மாட்டிய பின் பில்லிங் கணினிகளுக்கு டேலி கிடைக்கவில்லை

கேள்வி:
வணக்கம். ஈரோட்டில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறோம். கீழ்த்தளத்தில் பில்லிங் கணினிகளும் ஒரு பிரிண்டரும், மாடியில் டேலி (கணக்கு மென்பொருள்) தரவு உள்ள கணக்குப் பிரிவுக் கணினியும் இருக்கின்றன. மாடிக்கு வைஃபை சரியாக எட்டாததால், கீழேயுள்ள ஃபைபர் ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்து அங்கே இன்னொரு ரவுட்டரை மாட்டினோம். அதன் பிறகு இரு தளங்களிலும் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் பில்லிங் கணினிகளால் டேலி கணினியைத் திறக்க முடியவில்லை. மாடியிலிருந்து கீழேயுள்ள பிரிண்டருக்குப் பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தால் மட்டும் பதில் வருகிறது. கேபிளை மாற்ற வேண்டும் என்கிறார் மாட்டிக் கொடுத்தவர். மாற்றலாமா?

மறுமொழி:
வேண்டாம் ஐயா. இணையமும் வந்து, ஒரு திசையில் பிங்கும் போகிறதென்றால் கேபிள் நன்றாகத்தான் இருக்கிறது. இரு தளங்களிலும் ஒவ்வொரு கணினியில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து, ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை காட்டும் முகவரிகளைத் தெரிவியுங்கள்.

கேட்டவர்:
கீழே 192.168.1.14, கேட்வே (ரவுட்டரின் முகவரி) 192.168.1.1. மாடியில் 192.168.0.103, கேட்வே 192.168.0.1. சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. மாடி ரவுட்டரில் கேபிள் வேன் (WAN, வெளி இணைப்புக்கான) போர்ட்டில் செருகப்பட்டிருக்கிறது.

மறுமொழி:
காரணம் அதுதான். இந்த மாஸ்க்கின்படி முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால்தான் ஒரே நெட்வொர்க். உங்கள் கடையில் இரண்டு உருவாகிவிட்டன. வேன் போர்ட் வழியாக இணைந்த ரவுட்டர், உள்ளேயிருந்து யாராவது தொடங்கிய இணைப்புக்கான பதிலை மட்டுமே திரும்ப விடும் என்பதால், மாடியின் பிங்குக்குப் பதில் வருகிறது, கீழிருந்து தொடங்கும் இணைப்போ வாசலிலேயே நின்றுவிடுகிறது.

முதலில் வேன் போர்ட்டிலிருந்து கேபிளைக் கழற்றிவிட்டு, மாடி ரவுட்டரின் லேன் (LAN, உள் நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். பிறகு அந்தப் புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து டிஹெச்சிபியை (கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) நிறுத்தி, கேபிளை லேன் போர்ட்டில் செருகி, மாடிக் கணினிகளை மறுபடி இயக்குங்கள். டிஹெச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு ரவுட்டர்களும் முகவரி வழங்கத் தொடங்கி, இப்போதுள்ளதைவிடப் பெரிய குழப்பம் வரும்.

இன்னொருவர்:
மாடி ரவுட்டரின் அமைப்பில் ஆக்சஸ் பாயிண்ட் மோட் (அதே நெட்வொர்க்கை நீட்டித்து வைஃபை மட்டும் தரும் முறை) இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதே எளிது. பெரும்பாலும் இவை அனைத்தையும் அதுவே செய்துவிடும். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே ஒரு கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்து ஒப்பேற்றச் சொல்பவர்களும் உண்டு. ஒரே கடைக்குள் அது வீண் சிக்கல்.

கேட்டவர்:
முதலில் சொன்ன முறைப்படியே செய்தோம். பில்லிங் கணினிகளில் டேலி திறக்கிறது, நன்றி. மாடிக் கணினிக்கு இப்போது 192.168.1.23 வந்துள்ளது. இது மாறிவிடுமா?

மறுமொழி:
மாறக்கூடும். கீழ் ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அக்கணினியின் மேக் முகவரியைப் (நெட்வொர்க் கார்டின் தனி அடையாள எண்) பதிந்து, அந்த ஐபி முகவரியை அதற்கென ஒதுக்கிவிடுங்கள். பிரிண்டருக்கும் அவ்வாறே செய்யலாம். வாடிக்கையாளர்களுக்கு வைஃபை கொடுப்பதாக இருந்தால் கீழ் ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க்கைத் தனியாக இயக்குங்கள். டேலி இருக்கும் நெட்வொர்க்கின் கடவுச்சொல்லை வெளியாருக்குத் தர வேண்டாம்.