தாவரவியல் பூங்காவில் வடிகால் பணி: மழை நெருங்குகிறது, மரத்தின் வேர் குறுக்கே நிற்கிறது

வியாசைப் பொறியாளர்:

அனைவருக்கும் வணக்கம். பதினொரு ஆண்டுகள் அடுக்குமாடிக் கட்டடங்களில் வேலை பார்த்த கட்டடப் பொறியாளர் நான். கடந்த ஏப்ரல் முதல் வட சென்னையில் உள்ள ஒரு பொதுத் தாவரவியல் பூங்காவின் மேம்பாட்டுப் பணிகளை ஒருங்கிணைத்து வருகிறேன். நடைபாதை, மழைநீர் வடிகால், நிழல்வலைக் கூடம், கழிப்பறை, குளக்கரைச் சீரமைப்பு, எல்லாவற்றுக்கும் பிறகு செடி நடுதல் என அனைத்தும் ஒரே ஒப்பந்தத்தில் உள்ளன. கம்பியும் கான்கிரீட்டும் எனக்குப் பழக்கம். உயிருள்ள ஒன்றைச் சுற்றி வேலை நடத்துவது புதிது.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை வடிகாலுக்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி, பழைய நாவல் மரம் ஒன்றின் வேரை அடிமரத்திலிருந்து இரண்டரை மீட்டர் தூரத்தில் அறுத்துவிட்டது. மணிக்கட்டுப் பருமனுள்ள வேர் அது. நுனி நார்நாராகக் கிழிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. அங்கே நீண்ட காலமாகப் பணிபுரியும் தோட்டத் தொழிலாளர் அம்மா ஒருவர், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் தம் தோளிலிருந்த துண்டைக் குடத்தில் நனைத்து அந்த வேரின் மேல் போர்த்தினார். வரைபடத்தில் நான் கையெழுத்திட்ட கோடு அந்த வேரின் மேலேயே போகிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகாலை முடித்தாக வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர், அதுவும் நியாயமே. அதே பாதையில் இன்னும் இரண்டு பெரிய மரங்கள் நிற்கின்றன. மரத்திலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும், வேலைகளை எந்த வரிசையில் நடத்த வேண்டும், செடிகளுக்கான பணத்தை எப்போது கொடுப்பது சரி என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒற்றியூர் தோட்டக்காரர்:

தம்பி, அந்த அம்மா செய்ததுதான் சரியான முதலுதவி. வெயிலில் காயும் வேர் சில மணி நேரத்திலேயே செத்துவிடும். கிழிந்த நுனியைக் கூர்மையான ரம்பத்தால் நேராக அறுத்துவிட்டு, தார், பெயிண்ட் என்று எதையும் பூசாமல், பள்ளத்திலிருந்து எடுத்த அதே மண்ணால் அன்றே மூடித் தண்ணீர் விடுங்கள். மேலே மூன்று விரற்கடை உயரத்துக்குச் சருகு பரப்பலாம், ஆனால் சருகு அடிமரத்தைத் தொடக் கூடாது. வேர் போனதால் கிளையையும் வெட்டிச் சமன் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புது வேர் விடுவதற்கான உணவை இலைதான் சமைக்கிறது.

தூரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. மார்பு உயரத்தில் அடிமரத்தின் விட்டம் எவ்வளவோ அதைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்தை ஆரமாகக் கொண்டு வட்டம் போட்டால், அதுவே காக்க வேண்டிய வேர்ப்பகுதி. நாடாவைச் சுற்றிப் பிடித்தால் சுற்றளவு 190 செ.மீ. வரும் மரத்தின் விட்டம் ஏறக்குறைய 60 செ.மீ.; ஆகவே 7.2 மீட்டர். உங்கள் நாவல் அந்தப் பருமன் உள்ளது என்றால், இரண்டரை மீட்டர் என்பது வட்டத்துக்கு வெகு உள்ளே இருக்கிறது. அடிமரத்துக்கு மிக அருகில், விட்டத்தின் மூன்று மடங்குக்குள், அதாவது 1.8 மீட்டருக்குள் தடித்த வேர் அறுபட்டால் மரம் காற்றைத் தாங்குமா என்பதே கேள்வியாகிவிடும். நீங்கள் அந்த எல்லையைத் தொடவில்லை. இருந்தாலும் மழைக்கு முன் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து மரத்தைப் பார்க்கச் செய்யுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது இந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் பலவற்றின் அடியில் வேர்த்தட்டு, அதாவது மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேர்க்கூட்டம், ஒரு பக்கமாகக் குறுகியிருந்ததை நான் குனிந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் எப்போதோ ஒரு பள்ளம் தோண்டியிருப்பார்கள்.

மரம் தலைக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவு ஆழம் வேரும் இறங்கியிருக்கும் என்று கட்டடக்காரர்கள் நினைப்பதால்தான் இவ்வளவு தவறும் நடக்கிறது. உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணுக்குள் பக்கவாட்டில் பரவிக் கிடக்கிறது. ஆகவே வேரைக் கொல்வதற்குப் பள்ளம் தோண்ட வேண்டிய அவசியமே இல்லை. டிப்பர் லாரி நான்கு நடை அதன்மேல் ஓடினாலும், ஜல்லியைக் குவித்து வைத்தாலும், ஓர் அடி களிமண்ணைக் கொட்டி மட்டப்படுத்தினாலும் மண்ணுக்குள் காற்று போகும் வழி அடைபடும். கலவை இயந்திரத்தைக் கழுவிய நீர் கடுமையான காரத்தன்மை உடையது, அதை மரத்தடியில் ஊற்றுவதும் அப்படித்தான். இதில் கொடுமை என்னவென்றால், மரம் உடனே சாகாது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து உச்சிக்கிளை காயத் தொடங்கும். அதற்குள் ஒப்பந்ததாரர் கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார்.

எனவே வட்டத்தைச் சுண்ணாம்பால் வரைந்தால் போதாது. ஆள் உயரத்துக்குத் தகரமோ சவுக்குக் கம்போ கொண்டு வேலி அடைத்து, அதற்குள் இயந்திரம் நுழைய தோட்டக்கலை அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும் என்று பணியிட உத்தரவு போடுங்கள். ஜேசிபியை நிறுத்தும் அதிகாரம் செடியை அறிந்தவரிடம் இருக்க வேண்டும், அதுவும் காகிதத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது காலை பத்து மணிக்கு மேல் நிற்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தாவரவியல் பூங்கா என்பது அழகான பூங்கா மட்டும் அன்று. ஒவ்வொரு செடிக்கும் எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு வந்தது, என்ன பெயர் என்ற பதிவு இருப்பதுதான் அதன் உயிர். 1787இல் தொடங்கிய கொல்கத்தா தோட்டமாகட்டும், 1848இல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் உருவாக்கத் தொடங்கிய உதகைத் தோட்டமாகட்டும், இன்றும் அவற்றை நாம் மதிப்பது அங்கே காக்கப்படும் செடிகளுக்காகவும் பதிவுகளுக்காகவும்தான். கட்டுமானம் நடக்கும் இடத்தில் முதலில் தொலைவது எண் தகடு. வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு மரத்தையும் பதிவேட்டு எண்ணோடு படம் எடுத்து, இடத்தையும் குறித்து வையுங்கள். பெயர் தொலைந்த செடி உயிரோடிருந்தாலும் அந்தத் தோட்டத்துக்குப் பாதி இழப்புதான்.

கொடுங்கையூர் மேற்பார்வையாளர்:

ஐயா சொன்னது முழுவதும் உண்மை. ஒப்பந்ததாரர் தரப்பில் இருபது ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஆட்கள் வேர் இருக்கும் இடத்திலும் ஜேசிபியை விடுவது மரத்தின் மேல் பகை இருப்பதால் அல்ல. மதிப்பீட்டில் பள்ளம் தோண்டுவதற்கு ஒரே ஒரு இனம்தான் (தனி விலை குறித்த வேலை வரி) இருக்கும், அதன் விலையும் இயந்திரத்துக்கான விலையாக இருக்கும். கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வேரை ஒதுக்கி ஒதுக்கித் தோண்ட நான்கு ஆள் ஒரு நாள் முழுக்க நின்றால் அந்தக் கூலியை யார் கொடுப்பது? வேர்ப்பகுதிக்குள் கையால் தோண்டுவதைத் தனி இனமாக எழுதுங்கள், அளவைப் புத்தகத்தில் தனியாக அளந்து பணம் கொடுங்கள். மேஸ்திரியே வேருக்குக் காவல் நிற்பார். ஒப்பந்தம் ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதால், இதற்குக் கூடுதல் இனமாக முறைப்படி ஒப்புதல் வாங்க வேண்டும்.

செடிக்கான பணத்தை நட்ட மறுநாளே முழுதாகக் கொடுக்காதீர்கள். நட்டதும் பாதி, மூன்று மாதம் கழித்துத் துளிர் பார்த்துக் கொஞ்சம், ஓராண்டு பராமரிப்பு முடிந்து உயிரோடிருப்பதை எண்ணிப் பார்த்து மீதி என்று பிரியுங்கள். பராமரிப்புக்கும் மாதாமாதம் தனித்தொகை வேண்டும். அது இல்லையென்றால் தண்ணீர் ஊற்ற ஆள் வராது.

பெரம்பூர் நிலவடிவமைப்பாளர்:

வேர்ப்பகுதியைப் பற்றி ஐயா எழுதியதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. ஆனால் பொறியாளர் அவர்களே, உங்கள் உண்மையான சிக்கல் வடிகாலின் பாதை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த மூன்று மரங்களின் அருகே கான்கிரீட் வடிகால் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். அந்தப் பகுதிக்கு மட்டும், வேர்வட்டத்துக்குள் இருக்கும் மண்மட்டத்தைத் தோண்டாமல், அதற்கு வெளியே சுற்றிப் போகும் ஆழமற்ற அகன்ற புல்வாய்க்கால் ஒன்றை அமைத்தாலே பெரும்பாலும் போதும். வட சென்னையின் தரை தட்டையானது, சரிவு கிடைப்பது அரிது. ஆகவே ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகே பாதையை முடிவு செய்யுங்கள். சுற்றிப் போக இடமே இல்லையென்றால், வேர்களுக்குக் கீழே துளையிட்டுக் குழாயைச் செலுத்தலாம். செலவு கூடும், ஆனால் ஐம்பது ஆண்டு வளர்ந்த நாவலை விலைக்கு வாங்க முடியாது.

நடைபாதையை வடிகாலோடு சேர்த்தே யோசியுங்கள். பேவர் பிளாக் பாதையை அரையடி உயர்த்திப் போட்டால் அது ஒரு கரையாகிவிடும், பின்னால் இருக்கும் பாத்தி குளமாகிவிடும். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. நான் பணிபுரிந்த ஒரு தோட்டத்தில், மழை நின்ற ஒன்பதாம் நாள் பாத்தியைக் கிளறியபோது மண் கருநீலமாகி, அழுகிய முட்டை போல் நாறியது. அங்கே நட்ட செண்பகம் ஒன்றும் பிழைக்கவில்லை. நடும் இடங்களில் இரண்டடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அங்கே மேடு கட்டித்தான் நட வேண்டும், அல்லது மருதம் போல் ஈரம் தாங்கும் மரங்களுக்கு அந்த இடத்தை ஒதுக்க வேண்டும்.

ஆழ்துளைக் கிணற்று நீரையும் சோதியுங்கள். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்திருப்பது பல பத்தாண்டுகளாகப் பதிவாகிவரும் செய்தி. உங்கள் கிணறு எப்படி என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். நீரின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், மீட்டருக்கு டெசிசீமன்ஸ் (dS/m) அளவில், 0.7க்குக் கீழே இருந்தால் கவலை வேண்டாம். 3ஐத் தாண்டினால் செடிப் பட்டியலையே மாற்ற வேண்டும். புன்னை, பூவரசு, புங்கன் ஆகியவை உப்பை ஓரளவு தாங்கும்.

வரிசை என்று கேட்டால், முதலில் வேலி, பிறகு வடிகால், தண்ணீர்க் குழாய், மின்கம்பிக் குழாய் என்று மண்ணுக்கடியில் போகும் எல்லாமும், அடுத்துக் கட்டடமும் பாதையின் அடித்தளமும், அதன்பின் இறுகிய மண்ணைக் கிளறி எரு கலத்தல், கடைசியில் நடவு. குழாயை மறந்துவிட்டுப் பாதையைப் போட்டால் அதை மறுபடி பெயர்ப்பீர்கள். நாற்று வந்திறங்கும்போது பத்துக்கு ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். வேர் பைக்குள் ஸ்பிரிங் போல் சுற்றிக் கிடந்தால் அந்த நாற்றுகளைத் திருப்பி அனுப்புங்கள். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998இன்படி வேலை குறைந்த விலை கொடுத்தவருக்கே போகும். ஆகவே பையின் அளவு, தண்டின் பருமன், வேரின் நிலை மூன்றும் விவரக்குறிப்பில் எழுதப்பட்டிருந்தால்தான் திருப்பி அனுப்பும் உரிமை உங்களிடம் இருக்கும்.

வியாசைப் பொறியாளர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று நாடா பிடித்து அளந்தோம்: நாவலின் சுற்றளவு 174 செ.மீ., ஆரம் 6.6 மீட்டர் வருகிறது. வேலி அடைத்தாகிவிட்டது, கையால் தோண்டும் இனத்துக்கு ஒப்புதல் கேட்டுக் கோப்பு அனுப்பியிருக்கிறேன். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் புல்வாய்க்காலுக்கு மேற்குப் பக்கமாகச் சரிவு கிடைக்கிறது. ஒரே ஒரு ஐயம்: வேலிக்குள் சிக்கிய பழைய நடைபாதையை இப்போது பெயர்க்கலாமா?

ஒற்றியூர் தோட்டக்காரர்:

இப்போது வேண்டாம் தம்பி. அந்தப் பாதையின் அடியில் வேர் பழகிவிட்டது, இந்த ஆண்டு ஏற்கெனவே ஓர் அடி வாங்கிவிட்டது. மழை முடியட்டும். ஜனவரியில் புதுத்துளிர் நன்றாக வந்திருந்தால், கல்லைக் கையால் ஒவ்வொன்றாக எடுத்து, பின்னோக்கி நகர்ந்துகொண்டே வேலை செய்யச் சொல்லுங்கள். பெயர்த்த மண்ணின் மேல் யாரும் நிற்கக் கூடாது. அன்றைக்கு அந்த அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.