மாடித்தோட்டம் குழு: வாசனை ஜெரேனியம்

வித்யா: ரோஸ் ஜெரேனியம் குச்சி நட்டா அடி கருத்து சாஞ்சிடுது. கவர் போட்டு மூடிதான் வச்சிருக்கேன் 😕

மாலதி அக்கா: அந்தக் கவர்தான் வில்லன் 😄 தண்டு சதைப்பற்றா இருக்கும், இலை முழுக்க ரோமம். ஈரம் வெளியேறலன்னா பித்தியம்ங்கிற அழுகல் கிருமி தாக்கி அடித்தண்டு கருத்துடும். கருத்ததைக் காப்பாத்த முடியாதும்மா, மண்ணோட கொட்டிடு.

வித்யா: அப்ப எப்படிக்கா நடறது?

மாலதி அக்கா: பூக்காத கிளையா பாரு. நுனியிலேர்ந்து 8–10 செ.மீ., கணுவுக்குச் சற்று கீழே சுத்தமான பிளேடால வெட்டு. மேல 2–3 இலை போதும். கணுவுல ஒட்டியிருக்கிற குட்டிச் செதிலையும் கிள்ளிடு, அழுகல் அங்கேயே ஆரம்பிக்கும். வெட்டுவாய் நிழல்ல சில மணி நேரம் காயணும்.

மாலதி அக்கா: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பாதி, பெர்லைட் (லேசான வெள்ளைக் குருணை) இல்லன்னா பருமணல் பாதி. வேர் விட வைக்கிற ஹார்மோன் பொடி வேண்டாம். மேல் மண் காஞ்சாதான் அடுத்த தண்ணி. 3–4 வாரத்துல வேர் பிடிச்சிடும்.

ரமேஷ்: செடி தளதளன்னு இருக்கு, வாசனையே இல்லையே?

செல்வம் அண்ணா: தழைச்சத்து அதிகம், வெயில் கம்மி. வாசனை எண்ணெய் இலையில இருக்கிற சுரப்பி ரோமத்துல இருக்கு. உரம் தின்னு இலை பெருத்தா மணம் நீர்த்துடும். உரத்தை நிறுத்து, 5–6 மணி நேரம் வெயில் காட்டு. பெப்பர்மின்ட் வாசனை வர்ற டொமென்டோசம் வகை மட்டும் அரை நிழல் தாங்கும்.

ரமேஷ்: இலை அடியில தக்கை மாதிரி சொரசொரப்பு. நோயா அண்ணா?

செல்வம் அண்ணா: இல்லப்பா. வேர் உறிஞ்சின தண்ணியை இலையால வெளியேத்த முடியல, செல் வெடிச்சு தழும்பாயிடுச்சு. தண்ணியைக் குறை, காத்தோட்டம் கொடு. பழைய தழும்பு மறையாது.

வித்யா: இலையை வாசனைக்கு சர்க்கரையில போடலாமாமே?

மாலதி அக்கா: 1 கப் சர்க்கரைக்கு 5–6 ரோஸ் இலை. கழுவி, பொட்டு ஈரமில்லாம துடைச்சு அடுக்கு. ஈரம் இருந்தா கட்டி தட்டிடும். 2 வாரம் கழிச்சு இலையை எடுத்துடு. கேக் டின் அடியிலயும் விரிக்கலாம், வெந்ததும் உரிச்சுடணும், ரோமம் தொண்டையில உறுத்தும். நர்சரியிலேர்ந்து வந்த கையோட இலையைப் பறிக்காதே, மருந்து அடிச்சிருப்பாங்க.

ரமேஷ்: கொசு விரட்டும்னு விக்கிறாங்களே?

செல்வம் அண்ணா: சிட்ரோசாங்கிற ஜெரேனியம் வகையா? 1996-ல வந்த ஆய்வுல செடி இருந்தாலும் இல்லாட்டியும் கொசு ஒரே மாதிரிதான் வந்துச்சு. வாசனைக்கு வாங்கு, கொசுவுக்கு வலை கட்டு.

மாலதி அக்கா: பூனை, நாய் இருக்கிற வீட்டுல எட்டாத உயரத்துல வைங்க. மென்னா வாந்தி எடுக்கும்.

வித்யா: கருத்த 3 குச்சியும் கொட்டியாச்சுக்கா. மீதி 2-க்கு கவரை எடுத்துட்டேன் 🙏