கலைச்சொல்: தனியார் நிலத்தில் பொதுமக்களுக்கான இடம் – "பொதுப்பாத்திய இடம்" சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தனியார் பெயரிலேயே இருந்தாலும் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடத்துக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த சொற்கள் எல்லாவற்றையும் இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் பார்த்தேன். "தனியார் பொதுவெளி", "பொதுத்திண்ணை", "பொதுவுரிமை வெளி" மூன்றும் யோசித்து வைத்த சொற்கள்தான். இருந்தாலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நியூயார்க்கில் 1961இல் வந்த நிலப்பயன்பாட்டு விதி கட்டட முதலாளிக்கு ஒரு பேரம் வைத்தது. உன் மனையில் ஒரு பகுதியை முற்றமாகவோ தாழ்வாரமாகவோ மக்களுக்குத் திறந்துவிடு, பதிலுக்குக் கூடுதலாகத் தளம் கட்டிக்கொள். மிக அடர்த்தியான பகுதிகளில் ஒரு சதுர அடி முற்றத்துக்குப் பத்து சதுர அடி தளப்பரப்பு வரை கிடைத்தது. ஆக, மக்கள் அங்கே உட்காருவது யாருடைய பெருந்தன்மையாலும் இல்லை. அதற்கான விலை கட்டடத்தின் உயரத்தில் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. நிலம் மட்டும் முதலாளியின் பெயரிலேயே இருக்கும்.

இதையும் தமிழ்நாட்டின் திறந்தவெளி ஒதுக்கீட்டையும் ஒன்றென்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இரண்டும் வேறு. இங்கே மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்து சதவீத நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி அரசுத் தரப்பிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். பத்திரம் பதிவானதும் அந்த நிலம் பொதுச்சொத்து. நாம் பெயர் தேடுவது கைமாறாத நிலத்துக்கு.

"தனியார் பொதுவெளி" கேட்க எளிது. ஆனால் "பொதுவெளி" இப்போது வேறு வேலையில் இருக்கிறது. "பொதுவெளியில் இப்படிப் பேசலாமா" என்றால் யாரும் கல் பதித்த முற்றத்தை நினைப்பதில்லை. போதாததற்கு முன்னால் "தனியார்" என்று போட்டதுமே பாதி உரிமை போய்விடுகிறது. தனியார் பள்ளி, தனியார் பேருந்து வரிசையில் இதுவும் சேர்ந்துவிடும்.

"பொதுத்திண்ணை" என் மனத்துக்கு நெருக்கமான சொல். மயிலாப்பூரில் பழைய வீடுகளின் திண்ணை பார்த்து வளர்ந்தவன் நான். சொந்த வீட்டின் ஒரு பகுதி, வழிப்போக்கருக்கும் உதவும். உவமை கச்சிதம்தான். ஆனால் எல்லாத் திண்ணையிலும் எல்லோரும் உட்கார முடிந்ததில்லை. யார் உட்காரலாம் என்பதை வீட்டுக்காரரின் சாதி முடிவு செய்தது. மனம் இருந்தால் இடம், இல்லையென்றால் "எழுந்திரு". நாம் பெயர் தேடும் இடத்தில் சட்டம் ஒழிக்க நினைப்பது அந்த நிலையைத்தான். அதையே பெயராக வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன மாதம் பழைய மகாபலிபுரம் சாலையில், ஓர் அலுவலக வளாகத்தின் முன்னால் நடந்தது. நடைபாதையும் வளாக முற்றமும் வேலியில்லாமல் ஒரே தளமாக ஓடுகின்றன. புங்கமரத்தடியில் வழவழப்பான கருங்கல் மேடை. பேத்தியின் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது, உட்காரவைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். காவலாளி வந்தார். "சார், இங்க உக்காரக் கூடாது, கம்பெனி இடம்." மரியாதையாகத்தான் சொன்னார். அது உண்மையிலேயே முழுக்கக் கம்பெனி இடமாக இருக்கலாம். ஆனால் நாளை அதே போன்ற ஒரு முற்றத்தைச் சட்டப்படி மக்களுக்குத் திறந்துவிட்டால், அவர் என்ன சொல்லித் தன் மேலதிகாரிக்குப் பதில் தருவார்? நான் எந்தச் சொல்லைக் காட்டி உட்காருவேன்? ஹாங்காங்கில் டைம்ஸ் ஸ்குவேர் வணிக வளாகத்தின் முற்றம் பத்திரப்படி மக்களுக்கானது என்பது 2008இல்தான் பரவலாகத் தெரியவந்தது. அதுவரை உட்காருபவர்களைக் காவலாளிகள் எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பத்திரம் என்றதும்தான் எனக்கு வழி தெரிந்தது. நம் கிரயப் பத்திரங்களின் சொத்து விவரத்தில் "போகவர உள்ள மாமூல் வழிநடை, வண்டித்தடப் பாத்தியம்" என்று எழுதுவார்கள். நிலம் வேறொருவருடையது, அதில் நடக்கும் பாத்தியம், அதாவது அனுபவிக்கும் உரிமை, நமக்கு. நம் தாத்தாக்கள் இதற்காகக் கோர்ட்டு வரை போயிருக்கிறார்கள். கிராமத்தில் வரப்புத் தகராறு பார்த்த எவருக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. அதனால் என் பரிந்துரை: பொதுப்பாத்திய இடம்.

பாத்தியம் வடசொல், "பொதுவுரிமை"யே இருக்கட்டும் என்று தனித்தமிழ் நண்பர்கள் சொல்வார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் "உரிமையாளர்" என்றால் சொந்தக்காரர். "பொதுவுரிமை நிலம்" என்றால் அரசு நிலம் என்றே படிப்பார்கள். நாம் பிரித்துக் காட்ட நினைப்பது அங்கேயே கலந்துவிடும். "எனக்குப் பாத்தியப்பட்ட வீடு" என்பதிலும் சொந்தம் என்ற பொருள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் நடைபாத்தியம், வண்டித்தடப் பாத்தியம் என்று முன்சொல் சேர்ந்தால் அனுபவிக்கும் உரிமை மட்டும்தான். "பொது" அந்த வேலையைச் செய்யும்.

சேர்த்து "பாத்தியவிடம்" என்று எழுத வேண்டாம், "விடம்" கண்ணில் குத்தும். வகை சொல்லும்போது பொதுப்பாத்திய முற்றம், பொதுப்பாத்தியத் தாழ்வாரம், கட்டடத்தை ஊடறுத்துப் போவதற்குப் பொதுப்பாத்திய ஊடுவழி என்று நீட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், இது பலகையில் நிற்க வேண்டிய சொல். "பொதுப்பாத்திய முற்றம். 24 மணி நேரமும் திறந்திருக்கும்." நேரமும் முக்கியம். 2011இல் நியூயார்க் சுக்கோட்டி பூங்காவில் 'வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமி' போராட்டக்காரர்கள் இரவிலும் தங்க முடிந்ததற்கு ஒரு காரணம், நகராட்சிப் பூங்காக்களைப் போல அதை இரவில் மூட முடியாது என்பது. தனியார் இடம்தான், ஆனால் நாள் முழுக்கத் திறந்து வைக்கும் கடப்பாடு அதற்கு இருந்தது.

இலங்கை நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் காணி உறுதிகளில் (நிலப் பத்திரங்களில்) இந்த வழிநடை விஷயத்தை எப்படி எழுதுகிறார்கள்? பாத்தியம் அங்கே புழங்காத சொல்லென்றால், இரு பக்கமும் பொருந்துகிற ஒன்றைத் தேடிய பிறகே பட்டியலில் ஏற்றலாம்.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து