ஒரே ஆன்டெனாவில் வழிகாட்டி ரேடியோவும் பேச்சு ரேடியோவும்: கண்டவையும் பட்டவையும்

சிறு விமானங்களின் ரேடியோப் பராமரிப்பில் இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஓர் ஆன்டெனாவை இரண்டு கருவிகள் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்பவர்களிடம், அவற்றில் எதுவேனும் டிரான்ஸ்மிட் செய்யுமா என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். கேட்பது ஒன்றையே வேலையாகக் கொண்ட ரிசீவர்களுக்குள் பகிர்வு என்பது நெடுநாள் வழக்கம். வாலின் உச்சியில் வி வடிவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஆன்டெனாவிலிருந்து இரண்டு வி.ஓ.ஆர். (தரை நிலையத்தை வைத்துத் திசை காட்டும் வழிகாட்டி ரேடியோ) ரிசீவர்களுக்கும், கூடவே தரையிறங்கும் சரிவைக் காட்டும் கிளைடு ஸ்லோப் ரிசீவருக்கும் கேபிள் பிரிந்து செல்வதை எத்தனையோ விமானங்களில் காணலாம். கிளைடு ஸ்லோப் இயங்கும் 329 முதல் 335 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர் இயங்கும் 108 முதல் 112 வரையிலான பகுதியின் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதால், ஒன்றுக்கு வெட்டிய நீளம் மற்றதற்கும் பொருந்திவிடுகிறது. இப்படிக் கேபிளைப் பிரிக்கும் ஸ்பிளிட்டரில் சமிக்ஞை பாதியாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் நிலையத்திலிருந்து வெகுதொலைவில், கருவியின் எச்சரிக்கைக் கொடி சற்று முன்னதாகத் தோன்றுவதைத் தவிர வேறு வேறுபாட்டை விமானி உணர்வதில்லை. அமெரிக்க விதி 91.171 கூட, இரண்டு வி.ஓ.ஆர். அமைப்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்க்க அனுமதிக்கும் இடத்தில், அவை ஆன்டெனாவைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

பேச்சு ரேடியோ உள்ளே வந்தவுடன் கதை மாறிவிடுகிறது. கண்ணாடி இழை உடல் கொண்ட, உரிமையாளரே கட்டிய விமானம் ஒன்று எங்கள் பணிமனைக்கு வந்தது. முதலில் எல்லாம் நன்றாக இருந்ததாகவும், பிறகு குரல் பலவீனமாகக் கேட்கிறது என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்தார் சொல்லத் தொடங்கியதாகவும், இறுதியில் வி.ஓ.ஆர். ரிசீவர் அறவே செவிடாகிவிட்டதாகவும் அவர் சொன்னார். செங்குத்து வாலுக்குள் பதித்த ஒரே ஆன்டெனாவை, ரிசீவர்களுக்கென்றே செய்யப்பட்ட சாதாரண ஸ்பிளிட்டர் வழியாக இரண்டு ரேடியோக்களுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சிறு பெட்டியைத் திறந்தபோது, இரண்டு கிளைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று காக்க வேண்டிய மின்தடை கருகி, நடுவே வெடித்துக் கிடந்தது. இத்தகைய ஸ்பிளிட்டரில் ஒரு கிளை வழியே சக்தியைச் செலுத்தினால், பாதிதான் ஆன்டெனாவைச் சேரும். மறுபாதி அந்த மின்தடையில் வெப்பமாகிவிடும். வானிலிருந்து வரும் நுண்ணிய சமிக்ஞைக்காக வைத்த உறுப்பு, பேச்சுப் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சில வாட்களைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அது எரிந்த பிறகு, தடுக்க எதுவுமின்றி அதே சக்தி வி.ஓ.ஆர். ரிசீவரின் முன்பகுதிக்குள் புகுந்திருக்கிறது.

இதற்கு நல்ல வடிகட்டி போதாதா என்று கேட்கலாம். வழிகாட்டிப் பகுதி 117.95 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது, பேச்சுப் பகுதி 118.00-இல் தொடங்குகிறது, அந்த மயிரிழை இடைவெளியில் ஒன்றை முழுமையாக விட்டு மற்றொன்றை முழுமையாகத் தடுக்கும் வடிகட்டியைச் சிறு விமானத்தில் வைக்கும் அளவில் எதிர்பார்க்க முடியாது. டிரான்ஸ்மிட் செய்யும்போது வி.ஓ.ஆர். கிளையை ரிலே மூலம் துண்டிப்பது இன்னொரு வழி. பேசும் நேரமெல்லாம் வி.ஓ.ஆர். திசைகாட்டும் ஊசி செத்துக்கிடக்கும் என்பது அதன் விலை. நாங்கள் வால்பகுதியின் தரையில் செப்புத் தகட்டுப் பட்டைகளைக் கிடைமட்டமாக ஒட்டி, இரண்டு கைகளும் தலா ஏறத்தாழ 63 செ.மீ. நீளமுள்ள, வி.ஓ.ஆருக்கான தனி ஆன்டெனா அமைத்துக் கொடுத்தோம். கார்பன் இழை உடலாக இருந்திருந்தால் இதுவும் உள்ளே வேலை செய்திருக்காது.

* * *

மேலே எழுதிய நண்பர் கிடைமட்டம் என்று சொன்னதைச் சற்று விரிக்க விரும்புகிறேன். நான் விமானி; அவசரத்துக்கு வைத்திருக்கும் கையடக்க ரேடியோவில் வி.ஓ.ஆர். வசதியும் உண்டு. அதை விமானத்தின் பேச்சு ஆன்டெனாவோடு இணைத்தால், ரப்பர் உறை போட்ட குட்டை ஆன்டெனாவைவிடக் குரல் பல மடங்கு தெளிவாகச் செல்கிறது. வி.ஓ.ஆர். ஊசியோ அலைபாய்கிறது. அந்த நிலையம் அனுப்பும் அலை கிடைமட்டமானது. அதைச் செங்குத்து ஆன்டெனா அரைகுறையாகவே பிடிக்கும். அதைவிட மோசம், நிலையத்திலிருந்து வேண்டாமல் கசியும் செங்குத்துக் கூற்றை அதே ஆன்டெனா விருப்பத்துடன் வாங்கிக்கொள்வதால், திசையே பிழையாகத் தெரியக்கூடும். விமானத்தைச் சாய்த்தால் திசை மாறாமலே ஊசி நகர்வதைப் பார்த்திருக்கிறேன். எனவே அந்த இணைப்பைப் பேச்சுக்கு மட்டுமே நம்புகிறேன்.

* * *

கேபிளால் இணைக்காமலே நடக்கும் பகிர்வு ஒன்றும் உண்டு. எங்கள் விமானத்தில் 121.175 மெகாஹெர்ட்ஸில் பேசினால் மட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களை இழந்துகொண்டிருந்தது. அந்த எண்ணின் 13 மடங்கு 1575.275, ஜி.பி.எஸ். இயங்குவதோ 1575.42 மெகாஹெர்ட்ஸில். 131.300-ஐ 12-ஆல் பெருக்கினாலும் அதே அண்டைதான். பேச்சு ரேடியோவைக் குறை சொல்லும் முன் பராமரிப்பாளர் செய்த சோதனை எனக்குப் பிடித்திருந்தது: அவசரகால இடங்காட்டிக் கருவியின் ஆன்டெனாக் கேபிளைக் கழற்றிவிட்டு, தரையில் நின்றபடியே மீண்டும் பொத்தானை அழுத்தச் சொன்னார். திரையிலிருந்த சமிக்ஞைப் பட்டைகள் அசையவில்லை. பேச்சு ஆன்டெனாவின் சக்தியை இடங்காட்டியின் ஆன்டெனா வாங்கி, கருவியின் உள்ளே மடங்குகளாக்கி, திரும்ப வீசிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் கேபிளில் 1575.42-ஐத் தடுக்கும் வடிகட்டி ஒன்றைச் செருகிய பின், ஆன்டெனா எதையும் இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை.